ஜெர்மனியில் கட்டணம் இல்லை, சரி, பையன் தயாரா?

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான், மெக்கானிக்கல் படிக்க ஜெர்மனிதான் போவேன் என்கிறான், அங்கே கட்டணமே இல்லையாமே, அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

பணக்கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்குப் ஒரு பருவத்துக்கு (செமஸ்டருக்கு) 1,500 யூரோ கட்டணம் உண்டு. விசாவுக்காக ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற கணக்கில், போட்டுக் காட்ட வேண்டும். நம் சான்றிதழ்களைச் சரிபார்த்து ஏபிஎஸ் என்ற ஜெர்மன் கல்விச் சரிபார்ப்பு மையம் தரும் சான்றும் கட்டாயம்.

எனக்குக் கவலை பணத்தில் இல்லை. நம் ஊரில் வாசலில் வடிகட்டுகிறார்கள். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்கு கட் ஆஃப் போட்டு, அதற்காக இரண்டு வருடம் வீடே தவம் கிடக்கிறது. உள்ளே போய்விட்டால் பிள்ளையைக் கல்லூரி கைப்பிடித்துக் கொண்டுபோகும். வருகைப் பதிவு, இன்டர்னல் மார்க், வீட்டுக்கு போன். அரியர் விழுந்தாலும் அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம்.

அங்கே வடிகட்டுவது உள்ளே போன பிறகு. பெரும்பாலான விரிவுரைகளுக்கு வருகைப் பதிவு கிடையாது. பல பாடங்களில் பருவக் கடைசியில் வரும் ஒரே தேர்வுதான் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும். பொதுவாக ஒரு கட்டாயப் பாடத்துக்கு மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தோற்றால் அந்தப் படிப்பிலிருந்தே விலக்கிவிடுவார்கள். அதே படிப்பை அந்த நாட்டில் வேறு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் பெரும்பாலும் முடியாது. அரியர் வைத்துப் பழகிய பிள்ளைக்கு இது பேரிடி. அவன் வகுப்புக்குப் போகவில்லை என்று உங்களுக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள். (மதிப்பெண்ணும் தலைகீழ்: 1 தான் உச்சம், 4 பாஸ், 5 ஃபெயில்.)

அந்த ஊர்ப் பிள்ளைகள் இதற்குச் சின்ன வயதிலிருந்தே பழகியவர்கள். பெரும்பாலான மாநிலங்களில் நாலாம் வகுப்போடு வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள்; பல்கலைக்கழகம் போகிறவர்கள் கிம்னாசியம் என்ற வகைப் பள்ளியில் 12 அல்லது 13 ஆண்டுப் பள்ளிப்படிப்பு முடித்து அபிட்டூர் என்ற பள்ளியிறுதித் தேர்வு எழுதுகிறார்கள். பத்து வயதிலேயே பாதை பிரிப்பதை நான் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களிடம் எனக்குப் பிடித்தது தொழிற்பயிற்சி. ஆவுஸ்பில்டுங் என்பார்கள்: நிறுவனத்தில் வேலை, தொழிற்பள்ளியில் பாடம், மாதாமாதம் சம்பளம், பெரும்பாலும் மூன்று, மூன்றரை வருடம். ஐடிஐ என்றாலே இங்கே முகம் சுளிக்கிறோமே, அங்கே அந்தப் பயிற்சிக்கு நல்ல மரியாதை. உங்கள் மகனுக்குப் புத்தகத்தைவிடப் பட்டறை பிடிக்கும் என்றால் இதையும் யோசியுங்கள்; ஜெர்மன் மட்டும் நன்றாக வர வேண்டும்.

பட்டப்படிப்புதான் என்றால், நம் பிளஸ் டூ மட்டும் அபிட்டூருக்குச் சமமாகாது. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்ச்சி இருந்தால் தொழில்நுட்பப் படிப்புகளுக்கு நேராக விண்ணப்பிக்க வழியுண்டு. இல்லையென்றால் ஸ்டூடியன்கொலெக் என்ற ஓராண்டு ஆயத்தப் படிப்பு. பாடமெல்லாம் ஜெர்மனில், சேருவதற்கே நுழைவுத் தேர்வு. மூன்றாவதாக, இங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முதல் வருடத்தை வெற்றிகரமாக முடித்துவிட்டு அதே துறைக்கு விண்ணப்பிக்கலாம். நான் இந்த மூன்றாவதைத்தான் சொல்வேன். இங்கே கலந்தாய்வில் சேரட்டும், பக்கத்திலேயே ஜெர்மன் படிக்கட்டும். அந்த ஒரு வருடத்தில் மனசு மாறினால், இங்கேயே பி.இ. முடித்து முதுகலைக்குப் போகலாம். அதில் ஆங்கிலவழிப் படிப்புகளும் நிறைய இருக்கின்றன. எதுவும் வீணாகாது.

இந்த வாரமே ஏ1 என்ற ஆரம்பநிலை ஜெர்மன் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். அப்புறம் ஒன்று செய்யுங்கள் அம்மா, கஷ்டமாகத்தான் இருக்கும். மூன்று மாதம் "படிச்சியா" என்று ஒரு தடவைகூடக் கேட்காதீர்கள். யாரும் எழுப்பாமல் எழுந்து, யாரும் நினைவூட்டாமல் வீட்டுப்பாடம் முடித்து, ஏ1 தேர்வை அவனாகவே எழுதி வருகிறானா என்று மட்டும் பாருங்கள். அதன் பிறகு அவனையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், ஏபிஎஸ் விண்ணப்பத்தைப் பற்றி மூன்று பேரும் உட்கார்ந்து பேசலாம்.