ஒன்றரை வயதாகியும் குழந்தை இரண்டு மூன்று சொற்கள்தான் பேசுகிறது, என்ன செய்யலாம்?

நானும் இதே கேள்வியோடு அலைந்தவன்தான். மகளுக்குப் பதினெட்டு மாதம் ஆனபோது அவள் வாயில் மூன்றே சொற்கள். பதற்றத்தில் நான் அவளுக்குப் பரீட்சை வைக்க ஆரம்பித்தேன். "இது என்ன? பந்து. எங்கே, பந்து சொல்லு!" சொன்னால்தான் தருவேன் என்று பந்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் சொல்லவில்லை, அழுதாள்.

பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் நாங்கள் விளையாடுவதைப் பத்து நிமிடம் பார்த்தார். "நிறையக் கேள்வி கேட்கிறீர்கள். ஒன்றுக்காவது பதில் சொல்ல நேரம் கொடுத்தீர்களா?" என்றார். சுருக்கென்றது. ஆனால் உண்மை.

அதன்பிறகு நாங்கள் மாற்றிக்கொண்டது இதைத்தான். தரையில் அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்துகொள்வேன். அவள் எதைப் பார்க்கிறாளோ அதைப் பற்றி மட்டும் பேசுவேன். செருப்பைப் பார்த்தால் "செருப்பு. அப்பா செருப்பு." அவ்வளவுதான். அப்புறம் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ணுவேன். முதல் சில நாட்கள் அந்தப் பத்து ஒரு யுகம் மாதிரி இருந்தது. ஆனால் கேட்டதைப் புரிந்துகொண்டு, சொல்லைத் தேடி, நாக்கையும் உதட்டையும் வளைப்பதற்குக் குழந்தைக்கு நம்மைவிட அதிக நேரம் தேவை. அந்த இடைவெளியில் அவள் விரல் நீட்டுவாள், 'ம்' என்பாள், என் முகத்தைப் பார்ப்பாள். அதெல்லாம் பேச்சுதான். உடனே பதில் சொல்லிவிடுவேன்.

ஊஞ்சல் ரொம்ப உதவியது. நாலு தடவை ஆட்டிவிட்டுச் சட்டென்று பிடித்து நிறுத்திவிட்டு அவளையே பார்ப்பேன். இரண்டு வாரம் காலை உதைத்தாள், கத்தினாள். ஒருநாள் "இன்னு" என்றாள். 'இன்னும்' என்று திருத்தவில்லை, "இன்னும் ஆடணுமா? இன்னும், இன்னும்!" என்று ஆட்டிவிட்டேன். மழலையைத் திருத்தவும் வேண்டாம், அதையே திருப்பிச் சொல்லிச் சிரிக்கவும் வேண்டாம். அவள் "தண்ணி" என்றால் நாம் "தண்ணி வேணும்" என்று ஒரு சொல் கூட்டிச் சொன்னால் போதும். நாம் குழந்தையிடம் ராகம் போட்டு இழுத்துப் பேசுகிறோமே, அதற்கு வெட்கப்பட வேண்டாம். அந்தக் குரலைத்தான் குழந்தைகள் கூடுதலாகக் கவனிக்கிறார்கள்.

'பேசக் கற்றுத்தரும்' வீடியோக்களை நம்பி நானும் ஏமாந்தேன். 2003இல் பாட்ரிசியா கூல் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதையே டிவியில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் பேச்சு தாமதமாகும் என்பதும் தவறு. கணக்கு பார்க்கும்போது இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

நீங்கள் சொல்வதை உங்கள் குழந்தை புரிந்துகொள்கிறதா, வேண்டியதை விரலால் காட்டுகிறதா என்று பாருங்கள். இவை இருந்தால் கொஞ்சம் ஆறுதல். ஆனாலும் காது கேட்கும் திறனை ஒருமுறை முறையாகப் பரிசோதித்துவிடுங்கள். சத்தத்துக்குத் திரும்புகிறதே என்று விட்டுவிடாதீர்கள், நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் குழந்தை திரும்பும், சொற்கள் மட்டும் தெளிவாக விழாது. ஒரு வயதில் கை காட்டுவது, டாட்டா சொல்வது எதுவும் இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, அல்லது பேசிக்கொண்டிருந்த சொற்கள் எந்த வயதிலாவது காணாமல் போகின்றன என்றால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். "இவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்று யாராவது சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். தலையாட்டிவிட்டுப் பரிசோதனைக்குப் போய்விட்டு வாருங்கள்.