எக்ஸ்ரே ஹோலோகிராபி படிக்கக் கேட்கும் மகளின் அம்மாவுக்கு

அக்கா, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலைக்குப் போகவா பிள்ளை இணைந்த கணிதத்தோடு இவ்வளவு மல்லுக்கட்டினாள் என்று கேட்டிருந்தீர்கள். அது வேறு, இது வேறு. ரேடியோகிராபர் வேலையும் நல்ல வேலைதான், ஆனால் உங்கள் மகள் கேட்பது பௌதிகவியல் ஆராய்ச்சி.

எக்ஸ்ரேயைக் குவிக்க நல்ல வில்லை செய்வது மிகவும் கடினம். டிடெக்டரோ கதிரின் செறிவை மட்டும்தான் பதியும், அலையின் அவத்தை, அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பது, தொலைந்துவிடும், அது இல்லாமல் படம் வராது. அதனால் ஒரே ஒழுங்கில் வரும் எக்ஸ்ரேயைப் பாய்ச்சி, பொருளைக் கடந்து வரும் அலையோடு இன்னொரு தெரிந்த அலையையும் கலக்க விடுகிறார்கள், இதுதான் ஹோலோகிராபி. 2004இல் பெர்லினின் பெஸ்ஸி சின்குரோட்ரோனில் (இலத்திரன்களை வளையத்தில் சுழலவிட்டு மிகப் பிரகாசமான எக்ஸ்ரே எடுக்கும் பெரிய இயந்திரம்) இதைச் செய்தபோது, தங்கப் படலத்தில் பொருளைப் பார்க்க ஒன்றரை மைக்ரோமீற்றர் அகலத்தில் ஒரு துளை, பக்கத்திலேயே அதைவிடச் சின்னதாக இன்னொன்று, அந்தச் சின்னத் துளையால் வந்த அலையின் உதவியோடு கோபால்ட்-பிளாட்டினம் படலத்தின் காந்தப் பகுதிகளை 50 நனோமீற்றர் நுணுக்கத்தில் கணனியில் படமாக மீட்டுவிட்டார்கள். பிரான்ஸின் கிரெனோபிளில் இன்னொரு வகை எக்ஸ்ரே ஹோலோகிராபியால் பழ ஈயின் நரம்புகளை முப்பரிமாணத்தில் பார்த்திருக்கிறார்கள். இதைக் கேட்ட பிள்ளைக்கு ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சரி, வேலை? இலங்கையில் சின்குரோட்ரோன் கிடையாது, அதை மறைக்க மாட்டேன். கொழும்புப் பல்கலைக்கழகத்திலேயே பௌதிகவியலில் நான்கு வருடக் கௌரவப் பட்டம் செய்யலாம், அப்புறம் பிஎச்டிக்கு வெளியே போகத்தான் வேண்டும். ஜெர்மனி, சுவீடன் பக்கம் பிஎச்டி மாணவர்களுக்குப் பெரும்பாலும் சம்பளமே கொடுக்கிறார்கள், ஆகவே காணியை விற்று ஏஜென்சிக்காரரிடம் காசைக் கொட்ட வேண்டாம். இத்தாலியின் திரியெஸ்த்தில் ஐசிடிபி என்ற சர்வதேசப் பௌதிகவியல் நிறுவனம் நம்மைப் போன்ற நாட்டு மாணவர்களுக்கென்றே ஒரு வருட டிப்ளோமா நடத்துகிறது, அதையும் குறித்து வையுங்கள்.

இதில் பாதி வேலை கணனியில்தான். பைதன் என்ற கணனி மொழியும், பதிந்த அலைக் கோலத்திலிருந்து படத்தை மீட்க உதவும் ஃபூரியர் மாற்றம் என்ற கணிதமும் இப்போதே தொடங்கட்டும். எக்ஸ்ரே தரவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, வெள்ளவத்தையில் வீட்டு லப்டொப்பிலேயே படத்தை மீட்டுப் பார்க்கலாம். நாளைக்கு இந்தத் துறை வேண்டாமென்று தோன்றினாலும் அந்தக் கைப்பழக்கம் மருத்துவப் படமெடுப்பு மென்பொருளுக்கோ தரவு வேலைக்கோ உதவும்.

ஒன்று மட்டும் அவசரம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதி விண்ணப்பத்தில் அப்பாவின் மனதுக்காக எஞ்சினியரிங்கை மேலே போட்டால், அதற்குத் தேவையான இசெட் புள்ளியை (உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றிலிருந்து கணக்கிடும் புள்ளி) எட்டினால் அதுதான் கிடைக்கும், கீழே போட்ட பௌதிகவியலைப் பார்க்கவே மாட்டார்கள். விருப்ப ஒழுங்கை நிரப்ப முதல் மூவரும் ஒன்றாக இருந்து பேசுங்கள்.