கோட்டுக்கு வலப்பக்கம் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வு ஒன்றுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் மற்றதெல்லாம் சமாளித்துவிடுகிறேன், கோடிட்ட இடத்தை நிரப்பும் பகுதியில் மட்டும் மார்க் போகிறது. கொடுக்கிற நான்கு சொற்களுக்கும் எனக்கு அர்த்தம் தெரியும், அப்படியும் தப்பாகிறது. நேற்று வந்த கேள்வி: ‘ஷி ——— டு ஹெல்ப் அஸ்.’ அக்செப்டட், அக்ரீட், அட்மிட்டட், அப்ரூவ்டு என்று நான்கு வாய்ப்புகள். நான் அக்செப்டட் போட்டேன். விடை அக்ரீட். இரண்டும் ‘ஒத்துக்கொண்டாள்’தானே? இன்னொன்று, ‘ஹி இஸ் ——— அபௌட் ஹிஸ் ஹெல்த்.’ அதில் வொரீட், கன்சர்ன்ட் இரண்டும் இருந்தன. நான் வொரீட் போட்டேன், விடைப் பக்கத்தில் கன்சர்ன்ட் என்று இருக்கிறது. இதற்கெல்லாம் விதி ஏதாவது உண்டா, இல்லை பட்டியல் போட்டு மனப்பாடம்தான் செய்ய வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நான்கு சொற்களையும் தமிழாக்கிப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், அங்கேதான் சறுக்குகிறது. ‘ஒத்துக்கொள்’ என்பது நம் மொழியில் பெரிய குடை. வர ஒத்துக்கொண்டாள், தப்பை ஒத்துக்கொண்டாள், வேலையை ஒத்துக்கொண்டாள், எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போதும். ஆங்கிலத்தில் முதலாவதற்கு அக்ரீ, இரண்டாவதற்கு அட்மிட், மூன்றாவதற்கு அக்செப்ட். (மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறோமே, வேடிக்கை என்னவென்றால் அதற்கு ஆங்கிலத்திலும் அக்ரீதான், கூடவே ஒரு ‘வித்’ சேர்த்துக்கொள்ள வேண்டும்.) ஆக, அர்த்தத்தை வைத்து நான்கில் ஒன்றைப் பிரிக்கப் பார்த்தால் நான்கும் ஒரே முகத்தோடு நிற்கும்.

இப்போது அதே வாக்கியத்தில் கோட்டுக்கு வலப்பக்கம் பாருங்கள். ‘டு ஹெல்ப்’ என்று இருக்கிறது. அக்செப்டுக்குப் பின்னால் ஒரு பொருளோ விஷயமோ நேரடியாக வர வேண்டும், அக்செப்ட் த ஆஃபர், அக்செப்ட் த ஜாப் என்பதுபோல. ‘அக்செப்ட் டு ஹெல்ப்’ என்று வராது. அட்மிட்டுக்குப் பின்னால் ‘டு’ வரலாம், ஆனால் அந்த ‘டு’ வேறு ஜாதி, அதற்கடுத்து ‘ஹெல்பிங்’ என்றுதான் வர வேண்டும். (‘லுக்கிங் ஃபார்வர்ட் டு சீயிங் யூ’ என்பதில் வருகிற ‘டு’வும் இதே ரகம், அங்கே ‘சீ’ என்று எழுதுகிறவர்கள் ஏராளம்.) அப்ரூவ் ஒரு திட்டத்தை அப்ரூவ் செய்யும், அல்லது ‘ஆஃப்’ போட்டுக்கொண்டு வரும். மிச்சம் நிற்பது அக்ரீ ஒன்றுதான். இவ்வளவுக்கும் அந்தப் பெண் எதற்கு ஒத்துக்கொண்டாள், யாருக்கு உதவினாள் என்று நாம் யோசிக்கவே இல்லை, கவனித்தீர்களா?

இது ஏதோ ஆங்கிலத்துக்கு மட்டும் பிடித்த பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். பள்ளியில் வினைமரபு என்று ஒரு பாடம் படித்திருப்பீர்கள். கூடை முடை, மாலை தொடு, நெல் தூற்று, சுவர் எழுப்பு. கூடை ‘செய்தான்’ என்றாலும் எல்லோருக்கும் புரியும்தான், ஆனாலும் முடைந்தான் என்பதே மரபு, ஏன் என்று கேட்டால் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறார்கள் என்பதைத் தவிர பதில் கிடையாது. ஆங்கிலத்திலும் மிஸ்டேக்கை ‘மேக்’ செய்கிறார்கள், ஹோம்ஒர்க்கை ‘டூ’ செய்கிறார்கள். மழை ஹெவி, காற்று ஸ்ட்ராங். மொழியியலில் இதற்குக் கொலோகேஷன் என்று பெயர், நமக்கு மரபு என்ற நல்ல சொல்லே இருக்கிறது.

நானும் இதில் அடி வாங்கியவன்தான். ஒரு காலத்தில் யார் அழைத்தாலும் ‘ஐ அக்செப்ட் டு கம்’ என்று பதில் எழுதிக்கொண்டிருந்தேன், எழுதியது போய்ச் சேர்ந்தது, அவர்களுக்கும் புரிந்தது, நானும் போய் நின்றேன், அதனால் ஒருவரும் திருத்தவில்லை, எத்தனையோ வருஷம் அதே தப்போடு ஓடியது. அர்த்தம் புரியாத தப்பை யாராவது உடனே கேட்டுவிடுவார்கள். புரிந்துவிடுகிற தப்பு இருக்கிறதே, அது அப்படியே நம்மோடு தங்கிவிடும்.

இன்னொரு ஜோடி சொல்கிறேன். வங்கியைக் கொள்ளையடித்தார்கள், பணத்தைக் கொள்ளையடித்தார்கள், நமக்கு இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் ‘தே ——— த பேங்க்’ என்றால் ராப்ட், ‘தே ——— த மனி’ என்றால் ஸ்டோல். பறிகொடுத்த இடமோ ஆளோ பின்னால் வந்தால் ராப், பறிபோன பொருள் வந்தால் ஸ்டீல். மறுபடியும் வலப்பக்கம்தான். சில கேள்விகளில் இடப்பக்கமே பாதி விடையைச் சொல்லிவிடும். கோட்டுக்கு முன்னால் ‘எ’வுக்குப் பதில் ‘ஆன்’ (an) இருந்தால் உயிரொலியில் தொடங்கும் சொல்தான் உள்ளே வர முடியும், எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்க வேண்டும், ஹானஸ்ட் வரும், யுனிவர்சிட்டி வராது.

ஒரு பழக்கம் சொல்கிறேன், செய்து பாருங்கள். வாய்ப்புகளைக் கையால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தை மட்டும் படியுங்கள், உங்களுக்கே தோன்றுகிற சொல் எது என்று பாருங்கள், அப்புறம் கையை எடுங்கள். இந்த விளையாட்டு முதலில் அப்படித்தான் இருந்தது. 1953-இல் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர் ஒரு பத்தியில் குறிப்பிட்ட இடைவெளியில் சொற்களை எடுத்துவிட்டு வாசகரை நிரப்பச் சொன்னார். ‘க்ளோஸ்’ முறை என்று அதற்குப் பெயர். வாய்ப்பு எதுவும் கொடுக்கவில்லை, சுற்றியுள்ள சொற்களை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். அவர் சோதித்ததும் வாசகரை அல்ல, அந்தப் பத்தி படிக்க எவ்வளவு எளிது என்பதைத்தான். நான்கு வாய்ப்புகள் கொடுத்து நம்மைக் குழப்புவது பின்னால் வந்த கலை.

மனப்பாடம் பற்றிக் கேட்டீர்கள். ‘அக்ரீ — ஒத்துக்கொள்’ என்று நோட்டில் எழுதுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். ‘அக்ரீ டு ஹெல்ப், அக்ரீ வித் ஹிம், அக்ரீ ஆன் எ பிளான்’ என்று துண்டு துண்டாக எழுதுங்கள். ஏ. எஸ். ஹார்ன்பி என்றொருவர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தார். ஒவ்வொரு வினைச்சொல்லும் தனக்குப் பின்னால் எதை ஏற்கும் என்று வகைப்படுத்தி 1942-இல் மாணவர்களுக்காகவே ஓர் அகராதி கொண்டுவந்தார், பல பதிப்புகள் கடந்து இன்றைக்கு ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதி என்று விற்பது அதன் வாரிசுதான். அதைத் திறந்தால் அர்த்தத்தைத் தாண்டிப் போய் எடுத்துக்காட்டு வாக்கியத்தை முதலில் படியுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து சொல் பார்த்தாலே அதிகம்.

கடைசியாக அந்த வொரீட் விவகாரம். வலம் பார்த்தாலும் இடம் பார்த்தாலும் அங்கே இரண்டுமே சரி. வொரீட் அபௌட், கன்சர்ன்ட் அபௌட், இரண்டும் தினமும் புழங்குகிறவை, பிரித்துச் சொல்ல அந்த வாக்கியத்தில் ஒன்றுமே இல்லை. கேள்வி தயாரித்தவர் தூக்கக் கலக்கத்தில் இருந்திருக்கிறார், உங்களுக்கு நீங்களே ஒரு மார்க் போட்டுக்கொள்ளுங்கள். ஆங்ஷியஸ் என்ற சொல்லும் அதே இடத்தில் கச்சிதமாக உட்காரும். அதையும் சேர்த்துக் கொடுக்காமல் விட்டாரே, அந்த மட்டும் நல்லது.