வாசகர் கேள்வி – பதில்: இங்கிலாந்தின் பழைய துறவி மடங்கள்

கேள்வி: இடைக்கால இங்கிலாந்தில் துறவிகள் நடுராத்திரியில் எழுந்து வழிபாடு செய்வார்களாமே. அப்புறம் எப்போதுதான் தூங்கினார்கள்?

பொழுது சாய்ந்ததுமே படுத்துவிடுவார்கள். பெரும்பாலான மடங்கள் புனித பெனடிக்ட் ஆறாம் நூற்றாண்டில் எழுதிய விதிகளைப் பின்பற்றின. அதன்படி குளிர்காலத்தில் அதிகாலை 2 மணி வாக்கில் எழுந்தாக வேண்டும். கோடையில் இரவு சுருங்கிவிடுவதால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் படுத்துக்கொள்ளலாம். மணி அடித்ததும் சட்டென்று கிளம்ப வேண்டும் என்பதற்காக உடுத்திய உடையோடு, இடுப்புக் கச்சையோடுதான் தூக்கம். தூக்கத்தில் உடம்பைக் கீறிவிடுமே என்று கத்தியை மட்டும் கழற்றிவிடச் சொல்கிறார் பெனடிக்ட்.

அப்படியும் பாடிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கிவிடும், மனித உடம்புதானே. 970 வாக்கில் வின்செஸ்டரில் கூடி இங்கிலாந்து மடங்களுக்கெல்லாம் பொதுவாக ஓர் ஒழுங்குமுறை வகுத்தார்கள், அதில் இதற்கும் வழி இருக்கிறது: ஒருவர் விளக்கோடு சுற்றி வருவார், தூங்குகிறவர் முன்னால் அந்த விளக்கை வைத்துவிடுவார், விழித்துக்கொண்டவர் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதே விளக்கை எடுத்துக்கொண்டு அடுத்து யார் தூங்குகிறார் என்று பார்க்கத் தானே சுற்றி வர வேண்டும். அந்தக் கால விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கேள்வி: சாப்பிடும்போது பேசவே கூடாது என்றால், உப்பு வேண்டும் என்று எப்படிக் கேட்பார்கள்?

மூன்று விரல்களைச் சேர்த்து, உப்புத் தூவுவது போலக் கையை உதற வேண்டும். உண்மையாகவே இது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது! பதினோராம் நூற்றாண்டில் கேன்டர்பரியில் பழைய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சைகைப் பட்டியல் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது, நூற்றுக்கு மேற்பட்ட சைகைகள். மீன் வேண்டுமா, தண்ணீரில் வால் அசைவது போலக் கையை அசைக்கலாம். தேன் வேண்டுமென்றால் விரலை நாக்கில் வைக்கலாம். சோப்புக்கு, உள்ளாடைக்குக்கூடச் சைகை உண்டு.

ஆனால் வாயை மூடினால் மனசு அடங்கிவிடுமா? 1180 வாக்கில் கேன்டர்பரியில் விருந்துண்ட ஜெரால்ட் என்ற வேல்ஸ் நாட்டுப் பாதிரியார், துறவிகள் விரலாலும் கையாலும் ஓயாமல் சைகை செய்துகொண்டு, போதாததற்குச் சீட்டியும் அடித்ததைப் பார்த்து முகம் சுளித்தார். இதற்கு அடக்கமாக நாலு வார்த்தை பேசியே இருக்கலாம் என்பது அவர் கருத்து. நானும் அவர் கட்சிதான்.

கேள்வி: துறவிகள் இறைச்சி சாப்பிட்டார்களா?

நான்கு கால் பிராணிகளின் இறைச்சி நோயாளிகளுக்கும் மிகவும் பலவீனமானவர்களுக்கும் மட்டும் என்பது பெனடிக்டின் விதி. நாளாக ஆக விதி தளர்ந்தது. பொது உணவறையில்தான் இறைச்சி கூடாது, அதனால் பக்கத்தில் தனி அறை ஒன்று கட்டிக்கொண்டு அங்கே சாப்பிட்டார்கள். 1336-இல் போப் பன்னிரண்டாம் பெனடிக்ட் இதற்கு நாள் கணக்கெல்லாம் வைத்து ஒழுங்குபடுத்தினார். வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் கணக்கேடுகளை வைத்து வரலாற்றாளர்கள் கணக்குப் போட்டதில், இடைக்காலத்தின் கடைசியில் ஒரு துறவிக்கு ஒதுக்கிய ஒரு நாள் உணவு 6,000 கலோரிக்கு மேல் வருகிறது. முழுவதையும் அவரே சாப்பிட்டிருக்க முடியாது, மிச்சம் பணியாளர்களுக்கும் ஏழைகளுக்கும் போனது. இருந்தாலும் இது துறவு உணவு இல்லை.

விதி தளர ஆரம்பித்த காலத்திலேயே அது பிடிக்காமல்தான் சிஸ்டர்சியர் என்ற தனித் துறவிக் கூட்டத்தார் சாயம் போடாத கம்பளி, காய்கறி, பருப்பு வகை என்று மறுபடியும் கடுமைக்குத் திரும்பினார்கள். யார்க்‌ஷயரில் ரிவோ, ஃபவுன்டன்ஸ் என்ற இரண்டு பெரிய மடங்களும் 1132-இல் அப்படித் தொடங்கியவை.

கேள்வி: மடத்தைச் சுற்றி இருந்த ஊர் மக்கள் துறவிகளை எப்படிப் பார்த்தார்கள்?

இதைத்தான் நிறையப் பேர் கேட்பதே இல்லை. வாசலில் சோறு போட்டதும், வழிப்போக்கருக்கு இடம் கொடுத்ததும் மடம்தான். ஆனால் பெரிய மடங்கள் பெரிய நிலக்கிழார்களாகவும் இருந்தன. பண்ணையடிமைக் குடியானவன் வாரத்தில் சில நாள் மடத்து நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும், அவன் செத்தால் வீட்டில் இருப்பதிலேயே நல்ல மாட்டை மடம் ஓட்டிக்கொண்டு போகும், தானியத்தை மடத்து ஆலையில்தான் அரைக்க வேண்டும், அதற்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும்.

செயின்ட் ஆல்பன்ஸ் ஊர்க்காரர்கள் வீட்டிலேயே திருகை வைத்து அரைத்துக்கொண்டார்கள். 1327 முதல் 1336 வரை அங்கே மடாதிபதியாக இருந்த வாலிங்ஃபோர்டு ரிச்சர்டு அந்தத் திருகைக் கற்களையெல்லாம் பறிமுதல் செய்து, மடத்தின் வரவேற்பறைத் தரையில் பதித்துவிட்டார். இந்த ரிச்சர்டு ஒரு கொல்லரின் மகன், வானியலில் மேதை, சந்திரனின் போக்கைக் காட்டும் அதிசயமான கடிகாரத்தை வடிவமைத்தவர். அந்த அறிவும் இந்த அடாவடியும் ஒரே ஆளிடம் இருந்தன என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. ஊர் மறக்கவில்லை. சுமார் ஐம்பது வருஷம் கழித்து, 1381 குடியானவர் கிளர்ச்சியில் மடத்துக்குள் புகுந்தவர்கள் அந்தக் கற்களைத் தரையிலிருந்து பெயர்த்து உடைத்து, ஞாயிறு வழிபாட்டில் மந்திரித்த ரொட்டியைப் பகிர்வது போல ஆளுக்கொரு துண்டு பங்கிட்டுக்கொண்டார்கள். இதை எழுதி வைத்தவர் அவர்களை வெறுத்த அதே மடத்துத் துறவி. தலைமை தாங்கிய வில்லியம் கிரிண்டிகாப் தூக்கிலிடப்பட்டார், மடாதிபதியை மிரட்டி ஊர்க்காரர்கள் வாங்கிய உரிமைச் சாசனங்களும் செல்லாமல் போயின.

கேள்வி: அந்த மடங்கள் கடைசியில் என்ன ஆயின?

மன்னர் எட்டாம் ஹென்றி மூடிவிட்டார். 1536-இல் ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் கீழே இருந்த சிறிய மடங்களில் ஆரம்பித்து, 1540 மார்ச்சில் வால்தம் மடத்தோடு எல்லாம் முடிந்தது. கூரையில் இருந்த ஈயத்தை உருக்கி எடுத்துக்கொண்டு, நிலங்களைப் பணக்காரர்களுக்கு விற்றார்கள். பெரும்பாலான துறவிகளுக்கு ஓய்வூதியம் கிடைத்தது. ஆனால் சிலர் கொல்லப்பட்டார்கள்: கிளாஸ்டன்பரி மடாதிபதி ரிச்சர்டு வைட்டிங்கை 1539-இல் ஊருக்கு வெளியே குன்றின் மேல் தூக்கிலிட்டார்கள். குடியானவனுக்கு நிலக்கிழார் மாறினார், குத்தகை மாறவில்லை. மடத்து வாசலில் கிடைத்துவந்த சாப்பாடும் நின்றுபோனது.