வாசகர் கேள்வி பதில்: கண்மாய் போட்டுக்கு எந்த பேட்டரி?

கேள்வி: அண்ணே வணக்கம். நாங்க தேவகோட்டை பக்கம், நானும் மச்சானும் சேந்து எங்க ஊர் கண்மாய்ல மீன் ஏலம் எடுத்துருக்கோம். 12 அடி ஃபைபர் போட் ஒண்ணு இருக்கு, அதுக்கு 55 பவுண்ட் ட்ரோலிங் மோட்டார், 12 வோல்ட்டு, வாங்கியாச்சு. பேட்டரி தான் பாக்கி. வீட்டு இன்வெர்ட்டர்ல இருக்கற 150 ஏ.எச் டியூபுலர் பேட்டரியையே தூக்கிட்டு போயி வச்சுக்கலாம்ங்கறாரு மச்சான். எங்க ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கார் பேட்டரி போதும்ங்கறாரு. காரைக்குடி கடையில லித்தியம்னு சொல்றாங்க, விலைய கேட்டா தலை சுத்துது. காலையில தீவனம் போட ரெண்டு மணி நேரம் மெதுவா ஓட்டுவோம், வலை போடற அன்னைக்கு மட்டும் கூட கொஞ்சம் ஓடும். எது வாங்கறது?

பதில்: தம்பி, கார் பேட்டரிய முதல்லயே கழிச்சுருங்க. அது வண்டிய ஸ்டார்ட் பண்ண ஒரு சில செகண்டு நூத்துக்கணக்கான ஆம்பியர் குடுக்கறதுக்காக செஞ்சது, உள்ள பிளேட்டு மெலிசா நிறைய இருக்கும், ஸ்டார்ட் ஆன உடனே வண்டியோட ஆல்டர்னேட்டர் திரும்ப நிரப்பிரும், அதனால அது ஆழமா இறங்கவே இறங்காது. நீங்க அத தினமும் ரெண்டு மணி நேரம் ஓட்டி காலி பண்ணி காலி பண்ணி ஏத்தினா பிளேட்டுல இருக்கற மாவு உதிர்ந்து ஒரு சீசன் தாண்டறதே கஷ்டம். விலை கம்மின்னு வாங்கி அடுத்த வருஷமே இன்னொண்ணு வாங்கறதா போயிரும்.

அடுத்து உங்க மோட்டார் எவ்வளவு சாப்பிடும்னு பாப்போம். 55 பவுண்டுங்கறது தள்ளற வேகம் கிடையாது, தள்ளற பலம், கிலோ கணக்குல 25 கிலோ. இந்த மாதிரி 12 வோல்ட் மோட்டாருக்கு முழு வேகத்துல ஒரு பவுண்டுக்கு ஒரு ஆம்பியர் கிட்ட வரும், அதாவது 50 ஆம்பியர் சுத்தி இழுக்கும். ஆனா வேகத்த குறைச்சா கரண்ட்டு ரொம்பவே குறையும், தண்ணிக்குள்ள படகு ரெண்டு மடங்கு வேகமா போகணும்னா கிட்டத்தட்ட எட்டு மடங்கு பவர் வேணும், அதையே திருப்பி பாருங்க, பாதி வேகத்துல எவ்வளவு மிச்சம்னு. தீவனம் போடற வேகத்துக்கு 15, 20 ஆம்பியர் போதும். ரெண்டு மணி நேரத்துக்கு 40 ஏ.எச் (ஆம்பியர மணி நேரத்தால பெருக்கின கணக்கு). இது தான் உங்களோட உண்மையான தேவை, 150 எல்லாம் வேண்டாம்.

இப்ப இந்த 40ஐ எதுலருந்து எடுக்கறதுன்னு வருவோம். லெட் ஆசிட்ல, அதாவது கார், இன்வெர்ட்டர்ல வர்ற ஆசிட் பேட்டரி வகையில, 100 ஏ.எச்னு எழுதியிருந்தா அது பெரும்பாலும் 20 மணி நேரத்துல 5 ஆம்பியரா மெதுவா எடுத்தா கிடைக்கற கணக்கு. நீங்க 50 ஆம்பியரா உறிஞ்சினா அவ்வளவு கிடைக்காது. அதோட பாதிக்கு மேல இறக்காம இருந்தா தான் அது நாள்பட உழைக்கும். ஆக வலை போடற அன்னைக்கு முழு வேகத்துல முக்கால் மணி நேரம் ஓடறதே பெருசு. லித்தியத்துல, நான் சொல்றது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 100 ஏ.எச்ல 80ஐ தைரியமா எடுக்கலாம், அதே முழு வேகத்துல ஒன்றரை மணி நேரம், மெதுவா போனா நாலு மணி நேரத்துக்கு மேல.

மச்சான் சொல்ற டியூபுலர் நல்ல பேட்டரி தான், ஆழமா இறக்கி ஏத்தறத தாங்கும், அதுல அவர் சொல்றது சரி. ஆனா அதோட எடை 50 கிலோவுக்கு மேல, 12 அடி போட்டுல அது மூணாவது ஆள் ஏறி உக்காந்த மாதிரி. உசரமும் ஜாஸ்தி, ஒரு பக்கமா சாஞ்சு வலை இழுக்கறப்ப அதுவும் சாயும், மூடி வழியா ஆசிட் தளும்பும், வெறும் கால்ல நிக்கற இடத்துல ஆசிட் வேண்டாம் தம்பி. தினமும் வீட்லருந்து கழட்டி கரை ஏறி இறக்கி திரும்ப தூக்கிட்டு வர்றதும் நடக்கற காரியம் இல்ல, முதுகு போயிரும். 100 ஏ.எச் லித்தியம் 12, 13 கிலோ தான், ஒரு கையில பிடிச்சு போயிரலாம்.

இதையெல்லாம் விட நம்ம பக்கத்துக்குன்னு ஒரு விஷயம் இருக்கு, கடைக்காரங்க யாரும் இத சொல்லமாட்டாங்க. நம்ம கண்மாய் வருஷம் பூரா தண்ணி நிக்கற ஏரி இல்ல. ஐப்பசி கார்த்திகையில நிரம்பினா மாசி பங்குனி வரைக்கும் ஓட்டுவீங்க, சித்திரையில சகதி தெரிய ஆரம்பிச்சுரும். அப்புறம் அடுத்த மழை வரைக்கும் அஞ்சாறு மாசம் அந்த பேட்டரி என்ன பண்ணும்? ஓட்டு கொட்டகையில ஒரு மூலையில கிடக்கும். லெட் ஆசிட்ட பாதி சார்ஜ்ல அப்படி போட்டீங்கன்னா பிளேட்டு மேல சல்பேட்டு இறுகி போயிரும், நம்ம சித்திரை வைகாசி வெயிலுக்கு தானா இறங்கற சார்ஜும் வேகமா இறங்கும், சூடு பத்து டிகிரி கூடினா அதோட ஆயுசு பாதியாகும்ங்கறது பேட்டரி தொழில்ல எல்லாரும் சொல்ற கணக்கு. மாசா மாசம் மறக்காம சார்ஜ் போட்டு டிஸ்டில்ட் வாட்டர் பாத்தா பிழைக்கும், மறந்தா புரட்டாசில எடுத்து பாக்கறப்ப 10 வோல்ட்டு காட்டும், அத்தோட அது எடைக்கு போட வேண்டியது தான். லித்தியத்த பாதி சார்ஜ்ல வச்சு வயர கழட்டி நிழல்ல வச்சுட்டா அந்த ஆறு மாசமும் சும்மா கிடக்கும், நடுவுல ஒரு தடவ மீட்டர் வச்சு பாத்தா போதும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் உங்களுக்கு லித்தியம் தான் சொல்வேன், விலை கூட இருந்தாலும். நல்லதா பாத்து வாங்கினா ரெண்டாயிரம் தடவைக்கு மேல ஏத்தி இறக்கலாம், உங்க ஓட்டத்துக்கு அது பல வருஷம்.

லித்தியம்னா எங்கயோ வெளிநாட்டு சமாச்சாரம்னு நம்ம ஆளுங்க தயங்கறாங்க. காரைக்குடி சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், பேட்டரி ஆராய்ச்சிக்குன்னே பேர் போன இடம், அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் குடுத்து 1948ல அடிக்கல் நட்டு 1953ல திறந்தது. லித்தியம் பேட்டரி வேலை அங்க வருஷக்கணக்கா நடக்குது. நாம பயப்பட வேண்டிய பொருள் இல்ல அது.

வாங்கறப்ப பி.எம்.எஸ், அதாவது பேட்டரிக்குள்ளயே இருந்து அத காக்கற சர்க்யூட்டு, எத்தனை ஆம்பியர்னு கேளுங்க, இது ரொம்ப முக்கியம். விலை கம்மியா வர்றதுல 50 ஆம்பியர் பி.எம்.எஸ் வச்சுருப்பாங்க, நம்ம கண்மாய்ல வேலம்பாசியும் ஆகாயத்தாமரையும் எவ்வளவு கிடக்குன்னு உங்களுக்கே தெரியும், ப்ரொபெல்லர்ல பாசி சுத்த ஆரம்பிச்ச உடனே மோட்டார் சத்தம் கம்மி போயி கரகரன்னு மாறும், கரண்ட்டு ஏறும், அந்த நேரத்துல பி.எம்.எஸ் பட்டுனு கட் பண்ணிரும், நடு கண்மாய்ல நிப்பீங்க. 100 ஆம்பியர் பி.எம்.எஸ் இருக்கறதா வாங்குங்க, சத்தம் மாறினா உடனே மோட்டார ஆஃப் பண்ணி தூக்கி பாசிய எடுத்துருங்க. இன்னொண்ணு, லித்தியம் வோல்ட்டேஜ் கடைசி வரைக்கும் 13 பக்கத்துலயே நிக்கும், தீரப்போறது தெரியாது, அதனால உள்ள போற வர்ற ஆம்பியர எண்ணற ஷன்ட் மீட்டர் ஒண்ணு மாட்டிக்கங்க. துடுப்பு எப்பவும் போட்டுல இருக்கணும்.

வயர்ல மிச்சம் பிடிக்காதீங்க. 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர்ல போகவர மூணு மூணு மீட்டர் இழுத்தா 50 ஆம்பியருக்கு ஒரு வோல்ட்டு கிட்ட அதுலயே போயிரும், வயரும் சுடும். 16 ஸ்கொயர் செம்பு போடுங்க, பேட்டரி பிளஸ்ஸுக்கு பக்கத்துலயே 60 ஆம்பியர் டி.சி பிரேக்கர் ஒண்ணு. வீட்டு மெயின் போர்டு எம்.சி.பி வேண்டாம்.

பணம் இப்ப புரளலைன்னா, ஆசிட் தளும்பாத சீல் பண்ண டீப் சைக்கிள் பேட்டரி 100 ஏ.எச் பாருங்க, 30 கிலோ வரும், தண்ணி வத்தினதும் மாசா மாசம் சார்ஜ் போடற பொறுப்ப வீட்ல ஒருத்தர் ஏத்துக்கணும்.

கேள்வி: அண்ணே, நான் பள்ளத்தூர். போட்டுக்கு லித்தியம் வாங்கிட்டேன், வீட்டு இன்வெர்ட்டர்லயே மாட்டி சார்ஜ் ஏத்திக்கலாமா?

பதில்: இன்வெர்ட்டர்ல லித்தியம் மோடு தனியா இருந்தா ஏத்தலாம். இல்லாட்டி வேண்டாம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு 14.4லருந்து 14.6 வோல்ட்டுல நிறுத்தணும், டியூபுலருக்கான இன்வெர்ட்டர்ல சிலது ஈக்குவலைசேஷன்னு அதுக்கு மேல ஏத்தும், பி.எம்.எஸ் ஒவ்வொரு தடவையும் தடுத்துக்கிட்டே இருக்கும், ஒரு நாள் அதுவே பழுதாகும். லித்தியத்துக்குன்னு உள்ள 20 ஆம்பியர் சார்ஜர் தனியா வாங்குங்க, காலியானது அஞ்சு மணி நேரத்துல ஏறிரும்.

கேள்வி: பழைய எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி பேக் விலை கம்மியா கிடைக்குது, பிரிச்சு 12 வோல்ட்டா கட்டி தர்றேன்ங்கறார் ஒருத்தர். போட்டுக்கு ஆகுமா? (திருப்பத்தூர் வாசகர்)

பதில்: வேண்டாம்ங்க. ஸ்கூட்டர்ல நிறைய என்.எம்.சிங்கற இன்னொரு லித்தியம் வகை செல்லு, சூடு ஏறினா பாஸ்பேட்ட விட சீக்கிரம் தீப்பிடிக்கற வகை. எந்த செல்லு எவ்வளவு அடி வாங்கியிருக்குன்னு பிரிக்கறவருக்கும் தெரியாது, உள்ள தண்ணி கசிஞ்சா என்ன ஆகும்னு யோசிங்க. கரையில பத்திக்கிச்சுன்னா ஓடலாம், போட்டுல எங்க ஓடுவீங்க? அந்த பணத்த சேத்து வச்சு புதுசா சின்னதா 50 ஏ.எச் வாங்குங்க, பி.எம்.எஸ் 50 ஆம்பியர் தான் இருக்கும், 30 பவுண்ட் மோட்டாருக்கு அது சரியா வரும்.