பி.ஆர்.ஓ. ஆகணுமா, விமர்சனம் எழுதணுமா? இசைத்துறை கேள்வி பதில்

இசைக்கலைஞர்களுக்கு விளம்பர வேலை (பி.ஆர்.) பார்ப்பது, இசையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவது: இந்த இரண்டில் ஏதோ ஒன்றைப் பிழைப்பாக்கிக்கொள்ள நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

திருச்சி பேஸ் கிட்டார்: அக்கா, நண்பனோட பேண்டுக்கு நான்தான் பி.ஆர். பார்க்கிறேன். முதல் பாட்டு இன்னும் மூணு வாரத்துல வருது. எதை எப்போ செய்யணும்?

மூன்று வாரம் இறுக்கம்தான், ஆனாலும் முடியும். ரிலீஸ் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இன்றைக்கே செய்ய வேண்டியது, ஸ்பாட்டிஃபை போன்ற ஆப்களுக்குப் பாட்டைக் கொண்டுசேர்க்கும் நிறுவனமான டிஸ்ட்ரிப்யூட்டரிடம் பாட்டை ஏற்றுவது. வேவ் ஃபைலும் 3000க்கு 3000 பிக்சல் சதுர அட்டைப்படமும் வேண்டும். அட்டைப்படத்தில் போன் நம்பர், இணைய முகவரி, இன்ஸ்டாகிராம் லோகோ எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மறுபடி ஏற்றிச் சரிபார்த்து வர நாள் போகும்.

பாட்டு ஸ்பாட்டிஃபைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் 'ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்' வழியாகப் பிளேலிஸ்ட் எடிட்டர்களுக்கு விண்ணப்பிக்க முடியும். ரிலீஸுக்குக் குறைந்தது 7 நாள் முன்பு விண்ணப்பித்துவிட்டால், எடிட்டர் எடுக்காவிட்டாலும் உங்களைப் பின்தொடர்பவர்களின் 'ரிலீஸ் ரேடார்' பட்டியலில் பாட்டு வந்துவிடும். 7 நாள் என்பது கடைசி எல்லை. இரண்டு வாரம் என்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியாகிவிட்ட பாட்டுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. பலர் ரிலீஸ் அன்று காலை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

விண்ணப்பத்தில் பாட்டைப் பற்றிச் சொல்ல 500 எழுத்துதான் இடம். தமிழில் எழுதினால் இன்னும் சீக்கிரம் தீரும், யூனிகோடில் 'கோ' என்பதே இரண்டு எழுத்து. "மனதை வருடும் மெல்லிசை, அனைவரும் ரசிக்கும்படி உருவாக்கியுள்ளோம்" என்பதில் எடிட்டருக்கு ஒரு தகவலும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "6/8 நடை. பறையும் பேஸ் கிட்டாரும் மட்டும். மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்து சேரும் நாளில் காவிரிக் கரையில் நிற்கும் பெண் பாடுவது. திருச்சியில் பதிவு. ரிலீஸ் அன்று மாலை உறையூரில் நேரடி நிகழ்ச்சி." எந்தப் பட்டியலில் இதைச் செருகலாம், பாட்டைப் பரப்ப வெளியில் என்ன நடக்கப்போகிறது இரண்டும் இதில் தெரிந்துவிடுகிறது.

உலகம் முழுக்கப் புதுப் பாட்டு வெள்ளிக்கிழமை வருவது 2015 ஜூலையிலிருந்து வந்த வழக்கம். நம் ஊரில் வெள்ளிக்கிழமை படமும் ரிலீஸாகும். சினிமாப் பக்கம் பார்க்கும் நிருபர் அன்று தியேட்டரில் இருப்பார், உங்கள் மெயிலைத் தொட மாட்டார். அவருக்கு முந்தைய வாரம் செவ்வாய், புதனிலேயே அனுப்பிவிடுங்கள்.

சேலம்: பிரஸ் நோட்டை அழகா டிசைன் பண்ணி பிடிஎஃப்-ஆ அனுப்பறோம். யாரும் போடறதே இல்லை, ஏன் மேடம்?

அந்த பிடிஎஃப்பே காரணமாக இருக்கலாம். தமிழ் பிடிஎஃப்-இலிருந்து நகலெடுத்து ஒட்டினால் 'பொங்கல்' பல சமயம் 'ெபாங்கல்' என்று வந்து விழும். இரவு எட்டு மணிக்குப் பக்கம் முடிக்கிற சப் எடிட்டர் ஒவ்வொரு கொம்பாகத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க மாட்டார், அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார்.

மெயிலுக்குள்ளேயே யூனிகோடில் 200, 250 வார்த்தை எழுதுங்கள். முதல் வரியில் யார், என்ன, எந்தத் தேதி. இரண்டாம் பத்தியில் இந்தப் பாட்டில் புதிதாக என்ன இருக்கிறது. மூன்றாவதில் கலைஞர் சொன்னது, இரண்டே வாக்கியம். கடைசியில் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், மிக்ஸிங் செய்தவர் எல்லார் பெயரும். பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்தால் வள்ளி வல்லியாகிவிடுவார், வாணி வானியாகிவிடுவார். அச்சில் ஏறிய பிறகு எந்தப் பத்திரிகையும் உங்களுக்காக மறுபடி அச்சடிக்காது.

போட்டோ இரண்டு போதும், ஒன்று படுக்கை, ஒன்று நெட்டு. நீளப் பக்கம் 2000 பிக்சலுக்குக் குறையாமல் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்து போன படத்தை அனுப்பாதீர்கள், அதன் தரம் ஏற்கெனவே இறங்கியிருக்கும். ஃபைலின் பெயரிலேயே இடமிருந்து வலமாக யார் யார் என்று எழுதுங்கள், படம் எடுத்தவர் பெயரையும் சேருங்கள். படங்களையும் பாட்டையும் டிரைவ் லிங்க்காகக் கொடுத்து, 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று திறந்துவிட்டீர்களா என வேறொரு போனில் சோதியுங்கள். அனுமதி கேட்டு நிற்கிற லிங்க்கும் ஒன்றுதான், லிங்க்கே இல்லாததும் ஒன்றுதான்.

கச்சேரிப் பைத்தியம், மயிலாப்பூர்: பத்து வருஷமா டிசம்பர் சீசன் விடாம கேக்கறேன். விமர்சனம் எழுத ஆசை. ஆனா எல்லா ராகமும் எனக்குப் பிடிபடாது. எழுதலாமா?

எழுதலாம். எல்லா ராகமும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, எந்த இடத்தில் நமக்குத் தெரியவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். ராகம் ஆலாபனையில் பிடிபடாவிட்டாலும் கிருதியின், அதாவது பாட்டின், முதல் வரியைக் குறித்துக்கொண்டால் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். யார் கிருதி என்பதற்கு முத்திரையை, அதாவது இயற்றியவர் பாட்டுக்குள் வைக்கும் அடையாளச் சொல்லை, கேளுங்கள்: சரணத்தில் 'குருகுஹ' வந்தால் தீட்சிதர், 'சியாமகிருஷ்ண' வந்தால் சியாமா சாஸ்திரி, 'ராமதாஸன்' என்று வந்தால் பெரும்பாலும் பாபநாசம் சிவன். 'கோபாலகிருஷ்ணன்' கோபாலகிருஷ்ண பாரதி.

விமர்சகர்கள் சறுக்குவது அபூர்வ ராகத்தில் அல்ல, பக்கத்துப் பக்கத்து வீட்டு ராகங்களில்தான். ரீதிகௌளையும் ஆனந்தபைரவியும் நல்ல உதாரணம். இரண்டிலும் 'ஸ க ரி க ம' வரும், அதை மட்டும் கேட்டுப் பேனாவைத் திறந்தால் மாட்டிக்கொள்வீர்கள். 'ம நி நி ஸ' என்று ஏறினால் ரீதிகௌளை. தர்பாருக்கும் நாயகிக்கும் இதே தகராறு. சந்தேகம் தீரவில்லையா, இடைவேளையில் பக்கத்து இருக்கை மாமியைக் கேளுங்கள். மயிலாப்பூரில் நிச்சயம் பதில் கிடைக்கும், இரண்டு பேரைக் கேட்டால் இரண்டு பதில் கிடைக்கும் என்பதுதான் சங்கடம். அப்படியானால் ராகப் பெயரை விட்டுவிட்டு கச்சேரியில் பாடிய வேறு உருப்படியைப் பற்றி எழுதுங்கள். 300 வார்த்தையில் எல்லா உருப்படிக்கும் இடமும் கிடையாது.

குறிப்பு நோட்டில் உருப்படி, ராகம், தாளம், எத்தனை நிமிஷம், நிரவல் (ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவது) எந்த வரியில், தனி (தாள வாத்தியம் மட்டும் வாசிப்பது) எவ்வளவு நேரம் என்று கட்டம் போட்டுக்கொண்டு போங்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு பத்தி காலியாக இருக்கட்டும், காதில் விழுந்த ஒரு குறிப்பான விஷயத்துக்கு. பின்னால் கட்டுரையாவது அந்தப் பத்திதான். "தோடியை விஸ்தாரமாக ஆலாபனை செய்து ரசிகர்களைக் கட்டிப்போட்டார்" என்று யாரும் கச்சேரிக்குப் போகாமலே எழுதிவிடலாம். "தோடியில் பஞ்சமத்தை விட்டுவிட்டுக் காந்தாரத்திலும் தைவதத்திலும் மாறி மாறி நின்றார். பஞ்சமம் வந்து சேர்ந்தபோது ஆறு நிமிஷம் ஆகியிருந்தது, வயலின் அதே பாதையைப் பாதி நேரத்தில் கடந்தது" என்று எழுத உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். குறை சொல்வதும் இதே மாதிரிதான். 'சுருதி சேரவில்லை' என்றால் எங்கே, மேல் ஸ்தாயியிலா, முதல் அரை மணி நேரத்திலா என்று சொல்லுங்கள். பக்கவாத்தியக்காரர்களைக் கடைசி வரியில் 'பக்கபலமாக இருந்தனர்' என்று மூட்டை கட்டாதீர்கள்.

நடை பற்றி ஒரு வார்த்தை. ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி சங்கீத விமர்சனம் எழுதினார். அவருடைய கிண்டலை எல்லாரும் காப்பியடிக்கப் பார்க்கிறார்கள், அதற்குப் பின்னாலிருந்த காதை யாரும் காப்பியடிப்பதில்லை.

ஈரோடு: பி.ஆர். வேலையும் பார்த்துக்கிட்டு விமர்சனமும் எழுதலாமா?

ஒரே ஊரில், ஒரே வட்டத்துக்குள் கூடாது. நீங்கள் பணம் வாங்கும் கலைஞரைப் பற்றி மட்டுமல்ல, அவருக்குப் போட்டியாக இருப்பவரைப் பற்றியும் எழுத முடியாமல் போகும். கர்நாடக சங்கீதத்துக்கு விமர்சனம், சுயாதீன ராப் பாடகர்களுக்கு விளம்பரம் என்று வேலி போட்டுக்கொண்டால் சமாளிக்கலாம், அதையும் எடிட்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரஸ் மீட்டில் பணம் வைத்த 'கவர்' கொடுத்தால் வாங்காதீர்கள். விளம்பரம் பார்க்கும் பக்கம் உட்கார்ந்திருந்தால் கொடுக்கவும் கொடுக்காதீர்கள். காசு வாங்கிப் போடும் ரீல்ஸில் அது விளம்பரம் என்று தெரியும்படி எழுத வேண்டும் என்பது விளம்பரத் தரக் கவுன்சிலான ஆஸ்கியின் 2021 விதி.

நாமக்கல்: 5,000 ரூபாய் குடுத்தா ஒரு லட்சம் ஸ்ட்ரீம் கேரண்டின்னு ஒருத்தர் மெசேஜ் பண்றார்.

பிளாக் பண்ணுங்கள். எண்ணிக்கைக்கு உத்தரவாதம் தருபவர் பாட் (தானாகப் பாட்டை ஓட்டும் நிரல்) வைத்து ஓட்டுகிறார் என்றே எடுத்துக்கொள்ளலாம். பிடிபட்டால் ஸ்பாட்டிஃபை டிஸ்ட்ரிப்யூட்டருக்கு அபராதம் போடும், அவர் அதை உங்கள் கணக்கில் கழிப்பார் அல்லது பாட்டையே இறக்கிவிடுவார். ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்களா என்று பார்க்க, கேட்பவர்களின் ஊர்ப் பட்டியலைத் திறங்கள். தமிழ்ப் பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வெளிநாட்டு நகரம் முதலிடத்தில் இருந்து, பாட்டைச் சேமித்தவர்கள் கிட்டத்தட்ட யாருமே இல்லை என்றால் விஷயம் முடிந்தது. நியாயமான இலக்கு வேண்டுமென்றால் 1,000 என்று வையுங்கள். 2024லிருந்து, 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ராயல்டி கணக்கிடுவதில்லை.

யாழ்ப்பாணம்: எங்கட பாட்டு எந்தெந்த ரேடியோவுக்குப் போகலாம்? என்ன அனுப்ப வேணும்?

உங்கள் ஊர் சூரியன், சக்தி தவிர, சிங்கப்பூர் ஒலி 96.8, மலேசியாவின் ராகா எல்லாம் இருக்கின்றன. நிலையத்தின் பொது முகவரியைவிடப் புதுப் பாட்டு போடும் நிகழ்ச்சியின் தொகுப்பாளருக்கு எழுதுவது பலன் தரும், அதற்கு அந்த நிகழ்ச்சியை நான்கு வாரமாவது கேட்டிருக்க வேண்டும். கெட்ட வார்த்தை இருந்தால் அதை நீக்கிய பதிப்பு ஒன்று, முன்னிசை நீளமென்றால் மூன்றரை நிமிஷத்துக்கு வெட்டிய பதிப்பு ஒன்று, பாடகர் தன் பெயரைத் தானே உச்சரித்த பத்து விநாடி ஒலிப்பதிவு ஒன்று அனுப்புங்கள். பெயரைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்திலேயே பேசாமல் அடுத்த பாட்டுக்குப் போகிற தொகுப்பாளர்கள் உண்டு.

பாட்டெழுதறவ: என் பெயர் எந்த ஆப்பிலும் வரலை. பி.ஆர். பார்த்தவர் 'அது என் வேலை இல்லை'ங்கறார்.

சட்டப்படி அவர் வேலை இல்லை, ஆனாலும் நல்ல பி.ஆர்.காரர் பாட்டு ஏறுமுன் யார் யார் என்ன செய்தார்கள் என்ற கிரெடிட் ஷீட் கேட்டு வாங்கியிருப்பார். ஆப்பில் தெரிவது டிஸ்ட்ரிப்யூட்டரிடம் நிரப்பிய விவரம்தான். கணக்கு வைத்திருப்பவர் உள்ளே போய்த் திருத்தினால் சரியாகும், அந்த ஒலிப்பதிவுக்கான அடையாள எண்ணான 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண் மட்டும் மாறாமல் இருக்க வேண்டும். புதிதாக ஏற்றினால் எண் மாறி இதுவரை சேர்ந்த கணக்கும் போய்விடும் அபாயம் உண்டு. ஆப்பில் பெயர் வந்தாலும் பணம் தானாக வராது, பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களுக்கான ராயல்டியை வசூலிக்கும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகி இந்தப் பாட்டைப் பதிவு செய்யுங்கள். இசையமைப்பாளரும் நீங்களும் எத்தனை சதவீதம் என்று எழுதிக் கையெழுத்திட்ட தாள் ஒன்று இருக்கட்டும், கூட்டினால் 100 வர வேண்டும். 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு உங்கள் ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. அப்படி எழுதி வாங்கியிருந்தால் அது செல்லாது.

விழுப்புரம்: அனுபவமே இல்லை. எங்கிருந்து ஆரம்பிக்க? எவ்வளவு கேட்க?

எழுத்துக்கு: ஆறு மாதிரிகள் தயார் செய்யுங்கள். நேரடி நிகழ்ச்சி விமர்சனம் இரண்டு, ஆல்பம் விமர்சனம் ஒன்று, பேட்டி ஒன்று, வாத்தியம் செய்பவர் அல்லது சவுண்ட் இன்ஜினியர் பற்றிய கட்டுரை ஒன்று, உங்கள் மாவட்டத்து இசை பற்றி ஒன்று. கடைசி இரண்டும்தான் எடிட்டரை நிமிர வைக்கும், ஏனென்றால் சென்னையிலிருந்து யாரும் அதை அவருக்கு அனுப்புவதில்லை. பேட்டி எடுத்தால் ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள்.

விளம்பரத்துக்கு: தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று சொல்லப்படும் ஃபிலிம் நியூஸ் ஆனந்தனிடம் பழைய படங்களின் தகவலும் புகைப்படமும் குவிந்திருந்தன, பத்திரிகைக்காரர்கள் அவரைத் தேடிப் போனார்கள். நீங்களும் ஒரு எக்செல் ஷீட் தொடங்குங்கள்: நிருபர், என்ன மாதிரி இசை எழுதுகிறார், கடைசியாக எழுதியது, எந்த நாள் பக்கம் முடிக்கிறார். 60 பேர் சரியாக இருந்தால் போதும், விலைக்கு வாங்கிய 3,000 முகவரி ஸ்பேமில்தான் போய் விழும்.

பணத்தைப் பாட்டுக்கு இவ்வளவு என்று பேசுங்கள், ஆறு வார வேலை, பாதி முன்பணம். 'பத்துப் பத்திரிகையில் வரும்' என்று எழுதிக் கொடுக்காதீர்கள். 'இத்தனை பேருக்கு அனுப்புவேன், வாரம் ஒரு முறை கணக்கு தருவேன்' என்று மட்டும் எழுதுங்கள். டிடிஎஸ் பிடித்தால் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பற்றிக் கவலை வேண்டாம்.

மதுரை: மெயில் போட்டுப் பதிலே வரலைன்னா எத்தனை தடவை கேக்கலாம்?

ஒரே தடவை, நான்கு நாள் கழித்து, அதே மெயிலுக்குக் கீழே. 'பார்த்தீர்களா சார்' என்று மட்டும் கேட்காமல் புதிதாக ஒன்றைச் சேருங்கள்: நிகழ்ச்சித் தேதி, வீடியோ, பாடகர் பேசத் தயாராக இருக்கும் நேரம். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பாட்டுக்கு விட்டுவிட்டு அடுத்த பாட்டுக்கு எழுதுங்கள். இரவு பத்து மணிக்கு அவருடைய சொந்த வாட்ஸ்அப்பில் 'ஹாய்' போடாதீர்கள்.