கீழ்ப் பல்செட் ஆடுகிறது: அம்மாவின் அஞ்சலக டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. ஆறு வருடங்களுக்கு முன் மேலும் கீழும் முழுப் பல்செட் கட்டினோம். மேல் செட் அப்படியே நிற்கிறது. கீழ் செட் பேசினாலே எழும்புகிறது. ஆம்பூரில் ஒரு கல்யாணத்தில் பிரியாணிக் கறியை எல்லாம் பேரன் இலைக்குத் தள்ளிவிட்டு, வெறும் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். தாடை எலும்பில் இரண்டு இம்ப்ளான்ட் (திருகு) வைத்துப் புது செட் மாட்ட 85,000 ரூபாய் ஆகும் என்கிறார் டாக்டர். கிளினிக்கிலேயே மாதம் 4,100 வீதம் 24 மாதத் தவணை தருகிறார்களாம். என்னிடம் 40,000 இருக்கிறது, மாதம் 5,000 மிச்சம் பிடிக்க முடியும். அம்மா பெயரில் அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2% வட்டிக்கு 5 லட்சம் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. அதை எடுக்கலாமா, தவணை போடலாமா, மனைவியின் சங்கிலியை அடகு வைக்கலாமா?
— வாசகர், குடியாத்தம்

பதில்: மூன்றுமே வேண்டாம். கடனைப் பற்றிப் பேசும் முன் பல்செட்டைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் பணம் மிச்சமாகும் இடம் அங்கேதான் இருக்கிறது.

மேல் செட் அண்ணத்தை முழுக்க மூடுவதால் எச்சில் ஈரத்தில் கவ்விக்கொள்ளும். கீழ் செட் லாட வடிவம், நடுவில் நாக்கு ஓயாமல் அசைகிறது. போதாததற்கு, பல் போன இடத்தில் எலும்பு வருடா வருடம் கரையும். கீழ்த்தாடையில் அது மேல்தாடையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆறு வருடம் முன்பு அளவெடுத்த செட், இன்று தேய்ந்துபோன ஈறின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் ஆடாமல் என்ன செய்யும்?

என் அம்மாவும் காட்பாடி வீட்டில் இப்படித்தான் இருந்தார். சாப்பிட உட்காரும்போது கீழ் செட்டைக் கழற்றி எவர்சில்வர் டம்ளரில் போட்டுவிடுவார். எதற்காகக் கட்டினோமோ அந்த நேரத்தில் அது வாயில் இருக்காது. எங்களுக்கு அப்போது செட்டின் உள்பக்கத்தை மட்டும் இன்றைய ஈறுக்கு ஏற்ப நிரப்பிக் கொடுக்கும் 'ரீலைன்' போதுமானதாக இருந்தது. இம்ப்ளான்ட்டோடு பார்த்தால் அது சிறிய செலவு. உங்கள் டாக்டரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: "ரீலைன் செய்தால் நிற்குமா? நிற்காது என்றால் ஏன்?" செட்டில் உள்ள பல் தேய்ந்திருக்கிறது என்றால் புது செட். மேடே இல்லாமல் ஈறு தட்டையாகிவிட்டது என்றால், மறுபடி மறுபடி ரீலைனுக்குக் கொடுப்பதுதான் வீண் செலவு. அப்போது தயங்காமல் இம்ப்ளான்ட்டுக்குப் போங்கள். 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளான்ட் மேல் மாட்டும் செட்தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்றார்கள். ஆகவே உங்கள் டாக்டர் இல்லாததைச் சொல்லவில்லை. சந்தேகம் இருந்தால் வேலூர் வந்து சி.எம்.சி. பல் பிரிவில் இன்னொரு கருத்துக் கேளுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தாலோ, எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை, ஊசி எடுத்தாலோ அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி பணம். ஒன்றரை வருடத்தில் அந்தக் கணக்கை மூடினால் அசலில் 1.5%, அதாவது 7,500 ரூபாய் பிடிப்பார்கள். கொஞ்சம் மட்டும் எடுக்கவும் முடியாது, முழுதாக மூட வேண்டும். 85,000 ரூபாய்க்காக 5 லட்சத்தையும் கலைப்பது அநியாயம். கிளினிக் தவணையில் மொத்தம் 98,400 கட்டுகிறீர்கள், 13,400 கூடுதல். சங்கிலியை மீட்க முடியாமல் ஏலத்துக்குப் போன வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இம்ப்ளான்ட் ஒரே நாளில் முடியும் வேலை இல்லை. முதலில் எலும்பில் திருகு வைப்பார்கள். அது எலும்போடு சேரப் பெரும்பாலும் மூன்று, நான்கு மாதம் விடுவார்கள். அப்புறம்தான் ஜாக்கெட்டின் டிச் பட்டன் போல செட்டை அதன்மேல் மாட்டுவது. வேலை இரண்டு கட்டமாக நடந்தால் பணத்தையும் இரண்டு கட்டமாகக் கொடுங்கள். எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கையில் உள்ள 40,000 முதல் கட்டத்துக்கு. அம்மாவின் டெபாசிட்டுக்குக் காலாண்டு வட்டி 10,250 வருகிறது. இரண்டு முறை வந்தால் 20,500. ஐந்து மாதம் நீங்கள் பிடிக்கும் 25,000 சேர்ந்தால் மொத்தம் 85,500. கடனே வேண்டியதில்லை. அந்த வட்டியில் அவர் பேத்திக்குப் பொட்டுத் தங்கம் வாங்கிச் சேர்க்கிறவராக இருக்கலாம். இரண்டு தடவை மட்டும் விட்டுக்கொடுங்கள் என்று அவரிடமே கேளுங்கள்.

மதிப்பீட்டை இம்ப்ளான்ட், பட்டன், செட், எக்ஸ்ரே என்று பிரித்துக் கேளுங்கள். இப்போதுள்ள செட் நல்ல நிலையில் இருந்தால் அதிலேயே பட்டன் பொருத்த முடியும். அப்போது புது செட்டின் காசு மிச்சம். பட்டனுக்குள் இருக்கும் நைலான் வளையம் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும். அதன் விலையையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

மருத்துவக் காப்பீடு பல்லுக்குப் பொதுவாகக் கை கொடுக்காது. ஆனால் அம்மா பெயரில் காப்பீடே இல்லை, நீங்கள் பழைய வரி முறையில் இருக்கிறீர்கள் என்றால், அவருக்குச் செய்யும் மருத்துவச் செலவில் வருடம் 50,000 வரை வருமான வரிக் கழிவு உண்டு. 20% வரி கட்டுபவருக்கு, வரியின் மேல் போடும் செஸ்ஸும் சேர்த்து, 10,400 ரூபாய் வரை மிச்சமாகும். ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது, யு.பி.ஐ.யில் கட்டி ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.